இந்தியத் திரைத்தொழிலைத் தொடங்கி வைத்தவர் அதே தொழிலில் இடமிழந்தது எப்படி? தாதாசாகேப் பால்கேயின் திரைவாழ்க்கை: ஒரு விளக்கம்

இந்தியத் திரைத்துறைக்கு ஆற்றிய வாழ்நாள் பங்களிப்புக்காக மத்திய அரசு வழங்கும் மிக உயரிய விருது, தாதாசாகேப் பால்கே விருது. நடிகர் சிவாஜி கணேசன், இயக்குநர் கே. பாலசந்தர், நடிகர் ரஜினிகாந்த் ஆகியோர் இவ்விருதைப் பெற்றதால் தமிழ் வாசகர்களுக்கும் அந்தப் பெயர் நன்கு அறிமுகமானது. ஆனால், விருதுக்குப் பெயர் தந்த மனிதரின் திரைவாழ்க்கை எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே, 1913-ஆம் ஆண்டு தமது முதல் முழுநீளப் படத்தை வெளியிட்டார். கதையைத் தேர்ந்தெடுத்தல், திரைக்கதை எழுதுதல், நடிகர்களைப் பயிற்றுவித்தல், இயக்குதல், அரங்கு அமைத்தல், ஒப்பனை, படச்சுருளைக் கழுவுதல், வெட்டி ஒட்டுதல், ஊர் ஊராகக் கொண்டுசென்று திரையிடுதல் என அனைத்தையும் அவரே அறிந்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவற்றை அவரே செய்தார். இத்தனை வேலைகளையும் அறிந்த வேறொருவர் அன்று இந்தியாவில் இல்லாததால்தான் அவரால் ஒரு தொழிலைத் தொடங்க முடிந்தது. அதே தொழில் வளர்ந்து, முதலீடும் வேலைப் பிரிவினையும் ஒலியும் வந்தபோது, எல்லாவற்றையும் தாமே செய்யும் அந்த முறை அவருக்கு எதிராகத் திரும்பியது.

திரைக்கு முந்தைய 40 ஆண்டுகள்

நாசிக்கை அடுத்த திரிம்பக் என்னும் புனிதத் தலத்தில் 1870 ஏப்ரல் 30-ஆம் தேதி பால்கே பிறந்தார். தந்தை சமஸ்கிருத அறிஞர். குடும்பம் மும்பைக்கு இடம்பெயர்ந்த பின், 1885-இல் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பால்கே சேர்ந்தார். தொடர்ந்து பரோடாவின் கலா பவனில் ஓவியம், சிற்பம், ஒளிப்படக் கலை ஆகியவற்றைக் கற்றார்.

அதன்பின் ஒரே தொழிலில் அவர் நிலைக்கவில்லை. கோத்ராவில் ஒளிப்பட நிலையம் நடத்தினார். அங்கே பரவிய பிளேக் நோய்க்கு முதல் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து ஊரைவிட்டு வெளியேறினார். நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்தார். மேடை மாயவித்தையைக் கற்று நிகழ்ச்சிகளும் நடத்தினார். 'பால்கே' என்ற தமது குடும்பப் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, 'பேராசிரியர் கேல்பா' என்ற பெயரில் மேடையேறினார்.

1903-இல் இந்தியத் தொல்லியல் துறையில் ஒளிப்படக் கலைஞராகவும் வரைவாளராகவும் பணியில் சேர்ந்தார். சுதேசி இயக்கம் வலுப்பெற்ற நாள்களில் அந்த அரசுப் பணியைத் துறந்தார். லோணாவலாவில் அச்சுக்கூடம் தொடங்கி, ஓவியர் ரவி வர்மாவின் அச்சகத்துக்காகக் கல்லச்சு வேலைகளைச் செய்துகொடுத்தார். பின்னர் மும்பையின் தாதர் பகுதிக்கு இடம்பெயர்ந்த அந்த அச்சகம் 'லட்சுமி கலை அச்சகம்' எனப் பெயர் பெற்றது. வண்ண அச்சு இயந்திரங்கள் வாங்குவதற்காக 1909-இல் ஜெர்மனி சென்று வந்தார். அச்சகம் நற்பெயர் ஈட்டிய நேரத்தில் பங்குதாரர்களுடன் கருத்து வேறுபாடு முற்றியது. கைப்பொருள் ஏதுமின்றி பால்கே வெளியேறினார். பிற்காலத்தில் திரைப்பட நிறுவனத்திலும் இதே முறிவு மீண்டும் நிகழ்ந்தது.

நாற்பது வயதில் அவரிடம் பணமில்லை, நிலையான வேலையுமில்லை. ஆனால் ஓவியம், ஒளிப்படம், அச்சு, வேதிப்பொருள்கள், நாடக அரங்கு, மாயவித்தை ஆகிய ஆறு துறைகளின் அனுபவம் இருந்தது. திரைப்படம் என்னும் புதிய கலைக்குத் தேவைப்பட்டவை பெரும்பாலும் இவைதாம்.

ஒரு படமும் ஒரு பட்டாணிச் செடியும்

1911-ஐ ஒட்டிய நாள்களில், மும்பையின் கிர்காவ் பகுதியில் இயங்கிய அமெரிக்கா-இந்தியா பிக்சர் பேலஸ் என்ற அரங்கில் இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை பற்றிய மௌனப் படம் ஒன்றை பால்கே பார்த்தார். திரையில் இயேசு நடமாடியபோது, அந்த இடத்தில் கிருஷ்ணரையும் ராமரையும் தாம் மனக்கண்ணில் கண்டதாகவும், இந்தியத் தெய்வங்கள் இதுபோல் திரையில் தோன்றும் நாள் வருமா என எண்ணியதாகவும் 'நவயுக்' என்ற மராத்தி இதழில் 1917-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைத் தொடரில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

அன்று முதல் மும்பையில் திரையிடப்பட்ட படங்களையெல்லாம் தொடர்ந்து பார்த்தார். சிறிய கேமரா ஒன்றையும் படச்சுருள்களையும் வாங்கி, இரவில் உறக்கமின்றிச் சோதனைகளில் ஈடுபட்டார். கண்களுக்கு ஓய்வளிக்காததால் சிறிது காலம் பார்வையே மங்கியது. மருத்துவச் சிகிச்சைக்குப் பிறகே பார்வை மீண்டது. அதன் பின்னரும் சோதனைகளை நிறுத்தவில்லை. காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கடன் பெற்று, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பலேறினார்.

லண்டனில் அவருக்கு அறிமுகமானவர் எவருமில்லை. 'பயாஸ்கோப்' என்ற திரைப்பட வார இதழின் அலுவலகத்துக்கு நேரில் சென்று அதன் ஆசிரியர் கேபர்னைச் சந்தித்தார். இந்தியாவில் படமெடுப்பது எளிதல்ல என்று முதலில் எச்சரித்த அந்த ஆசிரியரே பின்னர் தயாரிப்பாளர் செசில் ஹெப்வொர்த்திடம் அவரை அழைத்துச் சென்றார். ஹெப்வொர்த்தின் படப்பிடிப்புத் தளத்தில் வேலை முறைகளை நேரில் கண்ட பால்கே, வில்லியம்சன் நிறுவனத்தின் கேமராவையும் படச்சுருளில் துளையிடும் கருவியையும் வாங்கிக்கொண்டு ஏப்ரலில் நாடு திரும்பினார்.

கருவிகள் வந்துவிட்டன. படமெடுக்கப் பணம் இல்லை. வெறும் சொல்லை நம்பிக் கடன் கொடுப்பார் யாருமில்லை. எனவே, ஒரு தொட்டியில் பட்டாணி விதையை நட்டு, அது முளைவிட்டுக் கொடியாக வளர்வதைக் குறித்த இடைவெளிகளில் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். பல நாள் வளர்ச்சி திரையில் ஒரு நிமிட அளவில் ஓடி முடிந்தது. கண்ணெதிரே விதை செடியானதைக் கண்ட பின்னரே நிதியாளர்கள் கடன் தர இசைந்தனர். பிணையின்றி எவரும் கொடுக்கவில்லை. மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகுக்குச் சென்றன.

'ஹரிச்சந்திரா தொழிற்சாலை'

முதல் படத்துக்கு ஹரிச்சந்திரன் கதையை பால்கே தேர்ந்தெடுத்தார். நாளிதழ்களில் நடிகர்கள் தேவை என விளம்பரம் கொடுத்தார். பெண் வேடத்துக்குப் பெண்கள் எவரும் முன்வரவில்லை. திரையில் நடிப்பது இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. இறுதியில், மும்பை கிராண்ட் ரோடு பகுதியில் ஓர் உணவகத்தில் பணியாற்றிய அண்ணா சாளுங்கே என்ற இளைஞர் சந்திரமதியாக (மராத்தி வழக்கில் தாராமதி) நடித்தார். தத்தாத்ரேய தாப்கே ஹரிச்சந்திரனாகவும், பால்கேயின் மகன் பாலசந்திரா லோகிதாசனாகவும் நடித்தனர்.

படத்தில் நடிப்பதாக வெளியில் சொன்னால் மரியாதை கெடும் என்பதால், ஹரிச்சந்திரா என்பவரின் தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொல்லுமாறு தமது குழுவினருக்கு பால்கே அறிவுறுத்தினார். இந்தச் செய்தியைத் தலைப்பாகக் கொண்டு, 'ஹரிச்சந்திராச்சி ஃபேக்டரி' என்ற மராத்திப் படத்தை இயக்குநர் பரேஷ் மோகாஷி 2009-இல் உருவாக்கினார். அப்படம் ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

உண்மையில், தாதரில் இருந்த அந்த வீடு ஒரு தொழிற்சாலையாகவே இயங்கியது. அன்று வாங்கிய படச்சுருள் துளையில்லாமல் வந்தது. ஒளி பட்டால் சுருள் கெட்டுவிடும் என்பதால் இருட்டறையில் அமர்ந்து துளையிட வேண்டும். இந்த வேலையை சரஸ்வதிபாய் கற்றுக்கொண்டார். ஓர் அடிச் சுருளில் 16 படச்சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் இரு ஓரங்களிலும் நான்கு நான்கு துளைகள். 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தின் நீளம் சுமார் 3,700 அடி. இதன்படி கணக்கிட்டால், படத்தின் ஒரே ஒரு பிரதிக்கு 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளைகள் தேவைப்படும்.

சுருளைக் கழுவும் வேதிக் கலவைகளைத் தயாரிப்பதும், வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நடிகர்களின் முகத்தில் ஒளியைத் திருப்புவதும், வீட்டில் தங்கியிருந்த குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போடுவதும் அவரது பொறுப்பாகவே இருந்தன. சுமார் ஏழு மாதங்கள் நீடித்த அந்தத் தயாரிப்பில் அவரது உழைப்பு பால்கேயின் உழைப்புக்குக் குறைந்ததல்ல. எனினும், திரைப்பட வரலாற்று நூல்கள் நீண்ட காலம் அவரை ஓரிரு வரிகளில் கடந்து சென்றன.

இப்படம் 1913 ஏப்ரல் 21-ஆம் தேதி மும்பை ஒலிம்பியா அரங்கில் முக்கியப் பிரமுகர்களுக்குக் காட்டப்பட்டது. மே 3-ஆம் தேதி கொரனேஷன் அரங்கில் பொதுமக்களுக்காக வெளியாகி வெற்றி பெற்றது. ஆனால் சூரத்தில் முதல் நாள் வசூல் மூன்று ரூபாய்தான். குறைந்த கட்டணத்தில் பல மணி நேரம் நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு, சுமார் ஒரு மணி நேரப் படம் பெரிதாகத் தோன்றவில்லை. நீளத்தை விரும்பும் மக்களுக்கு நீளத்தையே விற்பது என பால்கே முடிவு செய்தார். மூன்று அணாவில் 57,000 ஒளிப்படங்களைக் காணலாம் என்றும், படத்தின் நீளம் இரண்டு மைல் என்றும் விளம்பரம் செய்தார். கூட்டம் வந்தது. படச்சட்டங்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சரியே. ஆனால் 3,700 அடி என்பது முக்கால் மைலைக்கூட எட்டாது. மேடை மாயவித்தைக்காரரின் சாமர்த்தியம் விளம்பரத்திலும் கைகொடுத்தது.

முதல் படம் எது என்ற விவாதம்

'ராஜா ஹரிச்சந்திரா' இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என அரசும் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களும் ஏற்கின்றனர். இதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1912 மே 18-ஆம் தேதி, அதே கொரனேஷன் அரங்கில் தாதாசாகேப் தோர்ணேயின் 'புண்டலிக்' திரையிடப்பட்டது. முதல் படம் என்ற பெருமை அதற்கே உரியது என்று வாதிடுவோர் உண்டு.

ஆனால், 'புண்டலிக்' ஒரு மேடை நாடகத்தின் ஒளிப்பதிவு; அதைப் படம்பிடித்தவர் வெளிநாட்டவர்; சுருள் கழுவப்பட்டது லண்டனில். திரைக்கென எழுதி, இந்தியாவிலேயே படமெடுத்து, இந்தியாவிலேயே கழுவித் தொகுக்கப்பட்ட படம் பால்கேயுடையது. இந்த வேறுபாட்டின் அடிப்படையில்தான் முதலிடம் அவருக்கு அளிக்கப்படுகிறது. பால்கேவுக்கும் இது முக்கியமாக இருந்தது. தமது திரைத்தொழிலை சுதேசி இயக்கத்தின் ஒரு பகுதியாகவே அவர் கருதினார். முதலீடும் உழைப்பும் கதையும் இந்தியாவுக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார்.

பேசாத படத்துக்கு எழுதுவது எப்படி?

மௌனப் படத்துக்குத் திரைக்கதை ஆசிரியர் எதற்கு என்ற ஐயம் இன்றைய வாசகருக்கு எழக்கூடும். வசனம் இல்லாத படத்தில், எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வர வேண்டும், எதை நடிப்பால் உணர்த்துவது, எதை எழுத்து அட்டையால் சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதே எழுத்தாளரின் வேலை. அட்டைகள் மிகுந்தால் படம் புத்தகமாகிவிடும். குறைந்தால் கதை புரியாது.

பால்கே சந்தித்த சிக்கல் இதைவிடப் பெரியது. அன்றைய இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரிந்தவர்களும் பல மொழியினர். எனவே, பார்வையாளர் ஏற்கெனவே அறிந்த கதைகளை அவர் நாடினார். அனுமன் கடலைத் தாண்டுவது ஏன் என்றோ, கண்ணன் மடுவில் குதிப்பது எதற்கு என்றோ யாருக்கும் அட்டை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. புராணக் கதைகளைத் தேர்ந்தெடுத்ததில் பக்தியும் சுதேசி உணர்வும் இருந்தன. அதோடு, மொழியைக் கடந்து கதை சொல்வதற்கான தெளிவான தொழில்நுட்பக் காரணமும் இருந்தது.

தெரிந்த கதையை எதற்காக மீண்டும் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கும் அவரிடம் விடை இருந்தது. கதாகாலட்சேபத்தில் காதால் கேட்டதையும் நாடக மேடையில் குறிப்பால் உணர்ந்ததையும் கண்ணெதிரே நிகழ்த்திக் காட்டினார். ஒரே சுருளில் இருமுறை படம் பதித்தல், ஓர் உருவத்தை மற்றோர் உருவமாகக் கரைத்து மாற்றுதல், சிறு வடிவ மாதிரிகளைப் பெரிதாகக் காட்டுதல் ஆகிய உத்திகள் அவரது படங்களின் உயிர்நாடியாக இருந்தன. திரைக்கதையின் உச்சக்கட்டங்கள் இந்த உத்திகளைச் சுற்றியே அமைந்தன.

1919-இல் வெளியான 'காலிய மர்தன்' இதற்குச் சான்று. அதில் கிருஷ்ணராக நடித்தவர் பால்கேயின் மகள், சிறுமி மந்தாகினி. படத்தின் தொடக்கத்தில் அச்சிறுமியின் முகம் மட்டும் தனியே காட்டப்படுகிறது. மகிழ்ச்சி, சினம், வியப்பு எனப் பல பாவங்களை அவள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறாள். பின்னர் அதே முகம் கிருஷ்ணராக மாறிக் கதை தொடங்குகிறது. நடிப்பது ஒரு சிறுமி என்பதை ஒளிக்காமல் காட்டிவிட்டு, அடுத்த நொடியே அவளைத் தெய்வமாக நம்ப வைக்கும் துணிவு அந்தத் தொடக்கத்தில் உள்ளது.

நாசிக், போர், 'லங்கா தகன்'

முதல் வெற்றிக்குப் பின் பால்கே நாசிக்குக்கு இடம்பெயர்ந்தார். இரண்டாவது படமான 'மோகினி பஸ்மாசுர்'-இல் துர்காபாய் காமத்தும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்தனர். இந்தியத் திரையில் பெண் வேடத்தில் பெண்களே தோன்றியது அதுவே முதன்முறை. 1914-இல் தமது படங்களுடன் மீண்டும் லண்டன் சென்றார். அங்கே அவரது தொழில்நுட்பத் திறனுக்குப் பாராட்டு கிடைத்தது. இங்கிலாந்தில் தங்கிப் படமெடுக்க வந்த அழைப்பை ஏற்காமல் நாடு திரும்பினார்.

அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய படச்சுருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கடன் கொடுத்தவர்கள் கையை இறுக்கினர். சிறு படங்கள் எடுத்தே சில ஆண்டுகளைக் கடத்த வேண்டியிருந்தது.

1917-இல் வெளியான 'லங்கா தகன்' நிலைமையை மாற்றியது. அதில் அண்ணா சாளுங்கே ராமராகவும் சீதையாகவும் நடித்தார். இந்தியத் திரையின் முதல் இரட்டை வேடம் என அது குறிப்பிடப்படுகிறது. ராமர் திரையில் தோன்றியதும் பார்வையாளர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு வணங்கினர். மும்பையில் காலை முதல் நள்ளிரவு வரை தொடர்ந்து காட்சிகள் நடைபெற்றன. சென்னையில் வசூலான நாணயங்கள் மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டு, காவல்துறைப் பாதுகாப்புடன் கொண்டுசெல்லப்பட்டதாகத் திரைப்பட வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன.

முதலீட்டாளர்களின் வருகை

அந்த மாட்டு வண்டியின் சத்தம் வணிகர்களின் காதுகளையும் எட்டியது. அதுவரை திரைப்படம் என்பது பால்கே என்ற தனி மனிதரின் பித்து. இப்போது அது இலாபம் தரும் தொழில். மும்பையைச் சேர்ந்த ஐந்து வணிகர்கள் பங்குதாரர்களாகச் சேர, 1918-இல் 'இந்துஸ்தான் சினிமா ஃபிலிம்ஸ் கம்பெனி' உருவானது. மூலதனம் அவர்களுடையது, படைப்பு பால்கேயுடையது. அவ்வாண்டு வெளியான 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா', அடுத்த ஆண்டு வெளியான 'காலிய மர்தன்' இரண்டும் பெரும் வெற்றி பெற்றன.

வெற்றி கிடைத்தும் கூட்டு நிலைக்கவில்லை. எவ்வளவு செலவு, எத்தனை நாள், எதற்கு இத்தனை அடி சுருள் என்று பங்குதாரர்கள் கணக்குக் கேட்டனர். மனநிறைவு ஏற்படும்வரை ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் எடுப்பது பால்கேயின் வழக்கம். முதலீடு செய்தவர் கணக்குக் கேட்பது முறையே. ஆனால், வீட்டையே படப்பிடிப்புத் தளமாகவும் குடும்பத்தையே பணியாளர் குழுவாகவும் கொண்டு படமெடுத்த ஒருவருக்கு, தம் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவர் அளவுகோல் வைப்பது பொறுக்கவில்லை. அச்சகத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. நிறுவனத்திலிருந்து விலகிய பால்கே, குடும்பத்துடன் காசிக்குச் சென்றார்.

காசியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. மராத்தி நாடக உலகின் போக்கை விமர்சிக்கும் 'ரங்கபூமி' என்ற நீண்ட நாடகத்தை எழுதினார். அது மேடையில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. இதற்கிடையே, பால்கே இல்லாத நிறுவனமும் தடுமாறியது. 1922-இல் அவர் மீண்டும் நாசிக் திரும்பினார். தாமே தொடங்கி வைத்த தொழிலில் இப்போது அவர் பணியாளர் நிலையில் இருந்தார்.

அடுத்த பத்தாண்டுகளில் திரையுலகின் முகம் மாறியது. கோலாப்பூரில் பாபுராவ் பெயிண்டர் வரலாற்றுப் படங்களையும், 1925-இல் கந்துவட்டிக் கொடுமையைச் சித்திரிக்கும் 'சாவ்காரி பாஷ்' என்ற சமூகப் படத்தையும் எடுத்தார். மும்பையில் ஒரே நேரத்தில் பல படங்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தோன்றின. நகர்ப்புற இளைஞர்கள் சமகாலக் கதைகளையும் சண்டைக் காட்சிகளையும் விரும்பினர். இந்தியத் திரைத்துறையின் நிலையை ஆராய, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-இல் அரசு குழு அமைத்தபோது, அதன்முன் சாட்சியம் அளித்தோரில் பால்கேயும் ஒருவர். புராணப் படங்களின் பொற்காலம் அப்போது பின்னுக்குச் சென்றுகொண்டிருந்தது.

ஒலி வந்தது

1931 மார்ச் 14-ஆம் தேதி, இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் 'காளிதாஸ்' மூலம் தமிழும் திரையில் ஒலித்தது. அந்த நேரத்தில் பால்கே, 'சேதுபந்தன்' என்ற படத்தை மௌனப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். பணத் தட்டுப்பாட்டால் பலமுறை தடைபட்டு, பேசும் படங்கள் அரங்குகளை நிறைத்துவிட்ட பிறகே அது முடிந்தது. பின்னர் ஒலி சேர்த்து வெளியிட்டும் பயனில்லை. இந்துஸ்தான் நிறுவனமும் மூடப்பட்டது.

ஒலி, பால்கேயின் திறமைகள் பலவற்றை ஒரே அடியில் மதிப்பிழக்கச் செய்தது. கேமராவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு ஒலிப்பதிவுக் கருவி அந்நியமானது. மொழி தெரியாதவருக்கும் புரியும்படி கதை சொல்லும் கலை, மொழியே படத்தை விற்கும் காலத்தில் தேவைப்படவில்லை. ஒலிப்பதிவு, இசை, வசனம், பாடல் என ஒவ்வொன்றுக்கும் தனி வல்லுநர்கள் வந்தனர். ஒரு வீட்டின் சமையலறையும் முற்றமும் இருட்டறையும் போதும் என்ற நிலை முடிவுக்கு வந்தது.

கோலாப்பூர் சினிடோன் நிறுவனத்துக்காக 1937-இல் அவர் இயக்கிய 'கங்காவதரண்', அவரது ஒரே பேசும் படமாகவும் கடைசிப் படமாகவும் அமைந்தது. அப்போது அவருக்கு வயது 67. கங்கை வானிலிருந்து இறங்கும் காட்சி போன்றவற்றில் அவரது பழைய மாயக்கலை மீண்டும் வெளிப்பட்டது. ஆனால் அடுத்த வாய்ப்பு வரவில்லை.

இந்தியத் திரைப்படத்தின் வெள்ளி விழா 1939-இல் மும்பையில் கொண்டாடப்பட்டபோது, விழாவுக்குக் காரணமான மனிதர் கூட்டத்தில் ஒருவராகவே அமர்ந்திருந்தார். இயக்குநர் வி. சாந்தாராம் அவரை மேடைக்கு அழைத்து, அவருக்காக நிதி திரட்ட முன்வந்தார். அத்தொகை நாசிக்கில் பால்கே வீடு அமைக்க உதவியது. முதுமையிலும் மீண்டும் படமெடுக்க அவர் விரும்பினார். இரண்டாம் உலகப் போர்க்காலக் கட்டுப்பாடுகளின் கீழ் அதற்கு அரசின் அனுமதி தேவைப்பட்டது. அது கிடைக்கவில்லை. 1944 பிப்ரவரி 16-ஆம் தேதி நாசிக்கில் அவர் காலமானார்.

எஞ்சியவை என்ன?

ஏறத்தாழ 95 படங்களையும் 26 குறும்படங்களையும் பால்கே உருவாக்கியதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் இன்று காணக்கூடியவை மிகச் சில. அவையும் பெரும்பாலும் துண்டுகளே. அன்றைய படச்சுருள், நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. வெப்பத்தில் தானாகவே சிதைந்தும் போகும். ஓடி முடிந்த சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதும் அன்று வழக்கமாக இருந்தது. பாதுகாக்க வேண்டிய பொருள் என்ற எண்ணம் உருவாகும் முன்பே பெரும்பாலான மௌனப் படங்கள் அழிந்துவிட்டன.

புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் நிறுவப்பட்டது. பால்கே காலமாகி அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர், பால்கேயின் குடும்பத்தினரை அணுகி எஞ்சிய சுருள்களைச் சேகரித்தார். 'காலிய மர்தன்' பெரும் பகுதி கிடைத்தது. 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தின் நான்கு சுருள்களில் முதலாவதும் கடைசியும் மட்டுமே உள்ளன. அவையும் 1913-இல் எடுத்தவை அல்ல, அதே கதையை 1917-இல் பால்கே மீண்டும் எடுத்த படத்தின் பகுதிகள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். அப்படியெனில், இந்தியாவின் முதல் முழுநீளப் படம் என இன்று நாம் காண்பது அதன் மறு உருவாக்கமாகும்.

மத்திய அரசு 1969-இல் பால்கே பெயரில் விருதை நிறுவியது. நடிகை தேவிகா ராணி அதன் முதல் விருதாளர். மும்பையின் திரைப்பட நகருக்கும் பின்னர் அவரது பெயர் சூட்டப்பட்டது. விருதும் பெயர்ப்பலகையும் புகழை நிலைநிறுத்துகின்றன. ஆனால் அழிந்த படங்களை மீட்டுத் தரும் வழி எதுவுமில்லை. மௌனப் படக் காலத்தில் இந்தியாவில் எடுக்கப்பட்டவை ஆயிரத்துக்கும் மேல். கிடைத்திருப்பவை மிகச் சிறு பகுதி. பழைய படங்களைத் தேடிச் சீரமைக்கும் பணி இன்றும் தொடர்வதற்கு இந்த இழப்பே காரணம்.

தப்பிப் பிழைத்தவற்றில், படங்கள் தயாராகும் விதத்தை விளக்க பால்கே 1917-இல் எடுத்த குறும்படத்தின் துண்டு ஒன்றும் உண்டு. அதில் அவரே தோன்றி, நடிகர்களுக்கு நடித்துக் காட்டுகிறார். படச்சுருளைக் கையில் எடுத்துச் சரிபார்க்கிறார். வேலையாள்களுக்கு நடுவே தாமும் ஒரு வேலையாளாக நிற்கிறார். திரைப்படம் எப்படி உருவாகிறது என்பதை மக்கள் அறிந்துகொண்டால், அத்தொழிலின் மீதான இழிவு எண்ணம் அகலும் என்று அவர் நம்பினார். சில நிமிடங்களே ஓடும் அந்தத் துண்டில், திரைத்தொழில் முழுவதையும் ஒருவரே கையில் வைத்திருந்த காலத்தை இன்றும் காண முடிகிறது.